விருந்தாளிக்கு வாசல் திறந்தோம், விருந்தின் கணக்கைக் காட்டுங்கள்: பாராளுமன்ற அரசாங்க நிதி பற்றிய குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

எங்கள் தோட்டப் பாடசாலையின் கிரவுண்டில் மறுபடியும் சுண்ணாம்புக் கோடு விழுந்திருக்கிறது. போன வாரம் சீருடையில் சிலரும் சாதாரண உடையில் ஒருவரும் வந்து, டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். அதிபருக்கு முதல் நாள் பின்னேரம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததோடு சரி. வெளிநாட்டுப் பிரமுகர் யாரோ வரப்போகிறார், ஹெலிகொப்டர் இறங்க இடம் பார்க்கிறார்கள் என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. முந்தைய வருகைக்காகப் போட்ட கொங்கிரீட் இன்னும் கிரவுண்டின் நடுவில்தான் கிடக்கிறது.

அந்தக் கொங்கிரீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புல்லை வழித்து, மெட்டல் கல் கொட்டி, அதற்கு மேல் அவசர அவசரமாகப் போட்டது. நடுவில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு வட்டமும் எச் எழுத்தும். இப்போது பெயிண்ட் மங்கிவிட்டது. ஓரங்கள் உடைந்து மெட்டல் பல்லைக் காட்டுகிறது. எங்கள் பிள்ளைகளின் வலைப்பந்துக் களம் இருந்த இடம் அது. இல்ல விளையாட்டுப் போட்டிக்குத் தடம் போடும்போது ஒரு வளைவு அதற்கு மேலேதான் போகிறது. வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை அங்கே வேகத்தைக் குறைக்காமல் தப்ப முடியாது. வாகனங்கள் ஏறி இறங்க வேண்டும் என்று பக்கத்துத் தண்ணீர்க் கானை மண் போட்டு மூடினார்கள். பிறகு வந்து திறந்துவிடுகிறோம் என்றவர்கள் வரவேயில்லை. மழை பிடித்தால் தண்ணீர் போக வழியில்லாமல் முதலாம் ஆண்டு வகுப்புக்குள் வருகிறது. டீச்சர் மேசைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுப் பாடம் நடத்துகிறார்.

நான் அந்தப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் ஒரு தகப்பன். இந்த மடல் கிரவுண்டுக்காக மட்டும் எழுதுவது அல்ல. கிரவுண்டை யார் காசில் கெடுத்தார்கள், யார் காசில் திருத்துவார்கள் என்று கேட்கப் போனபோதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. ஒரு வெளிநாட்டு விருந்தினரை வரவேற்பதற்குப் படையினர் வழியாகச் செலவாகும் பணத்துக்கு, குடிமகன் ஒருவன் எடுத்துப் படிக்கக்கூடிய ஒரு விதியை யாராலும் எனக்குக் காட்ட முடியவில்லை.

முந்தைய வருகையின்போது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலைக்கு வேலைக்குப் போக வேண்டிய தோட்ட ஆட்களில் ஒரு பகுதியினரை இரண்டு நாள் முன்னாலேயே ரோட்டோரம் புல்லு வெட்டவும், கல்லுக்கு வெள்ளை அடிக்கவும் இறக்கினார்கள். பேர் போடுவோம், அதாவது ஒரு நாள் வேலையாகச் சம்பளக் கணக்கில் பதிவோம் என்று சொல்லித்தான் இறக்கினார்கள். சம்பள நாளில் பார்த்தால் சிலருக்கு அரைப் பேர், சிலருக்கு அதுவும் இல்லை. தோட்டத்தில் கேட்டால், வேலை வாங்கியது நாங்கள் இல்லையே என்கிறார்கள். படை முகாமில் கேட்டால், ஆள் தந்தது தோட்டம்தானே என்கிறார்கள். வர்த்தமானியில் 1,350 ரூபாய் நாட்சம்பளம் என்று வருவதற்கு 2024 வரைக்கும் காத்திருந்தவர்கள் நாங்கள். அரைப் பேர் என்பது எங்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை. ரோட்டைப் பார்த்த லயங்களின், அதாவது எங்கள் வரிசை வீடுகளின், முன்சுவருக்கு மட்டும் புது டிஸ்டம்பர் கிடைத்தது. பின்சுவர் அப்படியே. (சரி, ஒரு சுவருக்காவது கிடைத்ததே என்று எங்கள் வீட்டுக் கிழவி சந்தோஷப்பட்டார்.)

கிரவுண்டின் ஓரத்தில் கூடாரம் அடித்து மதியச் சாப்பாடு நடந்தது. தண்ணீர் எங்கள் பாடசாலைத் தாங்கியிலிருந்து போனதால் குழாயைப் பார்த்துக்கொள்ள என்னை நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஆகவே என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு மேசைக்குள் அடங்கிவிட்டார்கள். மற்ற மேசைகள் எல்லாம் நம்மவர்கள்: அதிகாரிகள், அவர்களுடைய குடும்பத்தார், அழைப்பிதழ் கிடைத்த ஊர்ப் பெரிய மனிதர்கள். விருந்தினர் எழுந்து போன பிறகும் சாப்பாடு வெகுநேரம் நடந்தது. யார் வயிற்றையும் நான் எண்ணவில்லை. அந்தச் சாப்பாட்டை வெளிநாட்டு உறவு என்ற கணக்கில் எழுதினார்களா, பயிற்சி என்ற கணக்கில் எழுதினார்களா, முகாமின் உணவுக் கணக்கில் எழுதினார்களா என்பதுதான் என் கேள்வி.

அதைக் கேட்டு நாங்கள் நடந்த நடை பெரிது. ஒரு காரியாலயம் இது உபசரணைப் பிரிவின் வேலை என்றது. அங்கே போனால், நிகழ்ச்சி நிரல்தான் எங்களுடையது, களத்து ஏற்பாடு படையினருடையது என்றார்கள். கடைசியில் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டோம். கேட்டது இவ்வளவுதான்: கொங்கிரீட்டுக்கு எவ்வளவு, கூடாரத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு, எந்தச் செலவினத் தலைப்பில் எழுதப்பட்டது, கிரவுண்டைப் பழையபடி ஆக்கித் தரும் பொறுப்பு யாருடையது. தேசிய பாதுகாப்புக் காரணமாகத் தகவல் தர முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தை நானும் படித்துப் பார்த்தேன். அதன் 5 ஆம் பிரிவு நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலை மறுக்க இடம் தருகிறது. தரத்தான் வேண்டும். ஆனால் அதே பிரிவின் கடைசியில், பொதுமக்கள் நலன் பெரிதாக இருந்தால் மறுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. 6 ஆம் பிரிவு இன்னும் தெளிவு. ஒரு ஆவணத்தில் மறைக்க வேண்டிய பகுதி இருந்தால் அதை நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும். விருந்தினர் எந்த ரோட்டால் வந்தார், எத்தனை பேர் துப்பாக்கியோடு நின்றார்கள் என்பதை மறைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதில் என்ன இரகசியம்? ஹெலிகொப்டர் போய்ச் சேர்ந்த பிறகு, கொங்கிரீட்டுக்கு வாங்கிய சீமெந்து எத்தனை மூட்டை என்று தெரிந்துகொண்டு எந்த எதிரி எதைச் செய்ய முடியும்?

பாதுகாப்பும் உபசாரமும் ஒரே கணக்கில் கிடப்பதுதான் கோளாறு. பாதுகாப்புக்குத் தேவையான மறைப்பு உபசாரத்துக்கும் சேர்த்துக் கிடைத்துவிடுகிறது. வருடா வருடம் உங்கள் முன் வரும் மதிப்பீட்டுப் புத்தகத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு 103, இராணுவத்துக்கு 222, கடற்படைக்கு 223, விமானப்படைக்கு 224 என்று தலைப்புகள் இருக்கின்றன. உள்ளே போனால் உணவும் சீருடையும், எரிபொருள், போக்குவரத்து, ஏனையவை என்று வரிகள். வெளிநாட்டு விருந்தினருக்கு என்று ஒரு வரியைத் தேடினேன், கண்ணில் படவில்லை. 2025 இல் பாதுகாப்புக்கு ஒதுக்கிய தொகை 400 பில்லியன் ரூபாயைத் தாண்டியது. அந்தக் கடலில் ஒரு மதியச் சாப்பாடு எங்கே கரைந்தது என்று ஒரு தோட்டத்துப் பெற்றோர் சங்கம் எப்படிக் கண்டுபிடிக்கும்? அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை அரச நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம்தான் கொடுத்திருக்கிறது. அதனால்தான் முகாமை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

லயத்தில் ஒரு கல்யாணம் நடந்தால்கூட வாசலில் ஒருவரை உட்காரவைத்து மொய்க் கொப்பி எழுதுகிறோம். அரசாங்கம் நடத்தும் விருந்துக்கு ஒரு கொப்பி இல்லையா?

விதி போட முடியாத விஷயம் இது என்று யாராவது சொன்னால், அமெரிக்காவைப் பாருங்கள் என்பேன். அங்கே பாதுகாப்புத் திணைக்களத்தில் உத்தியோகபூர்வப் பிரதிநிதித்துவ நிதி என்று தனியாக ஒன்று இருக்கிறது. சட்டத் தொகுப்பின் 10 ஆம் தலைப்பு, 127 ஆம் பிரிவு அதற்கு அடிப்படை. அதை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று 7250.13 என்ற இலக்கத்தில் ஒரு அறிவுறுத்தலும், இராணுவத்துக்கென்று 37-47 என்ற ஒழுங்குவிதியும் இருக்கின்றன. இரகசியம் ஒன்றும் இல்லை, இணையத்தில் யாரும் எடுத்துப் படிக்கலாம். வெளிநாட்டுப் பிரமுகர்களை உபசரிக்கலாம், ஆனால் அடக்கமாகச் செய்ய வேண்டும் என்கிறது. பரிசுப் பொருளின் பெறுமதிக்கு உச்ச வரம்பு வைக்கிறது. சொந்த ஆட்களின் ஓய்வுபெறும் விழாவுக்கும், வாழ்த்து அட்டைக்கும், சங்கச் சந்தாவுக்கும் இந்தப் பணத்தைத் தொடக் கூடாது என்கிறது.

அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விருந்துக்கு வருகிறவர்கள் 30 பேருக்குக் குறைவாக இருந்தால், அதில் குறைந்தது 20 சதவீதத்தினர் விருந்தினர் தரப்பாக இருக்க வேண்டும். 30 அல்லது அதற்கு மேல் என்றால் பாதிப்பேர் விருந்தினர் தரப்பாக இருக்க வேண்டும். எங்கள் கிரவுண்டில் நான் பார்த்த கூடாரத்துக்கு இந்த விதியை வைத்துப் பாருங்கள். முக்கால்வாசி மேசையை அன்றைக்கே மடித்து லொறியில் ஏற்றியிருக்க வேண்டும்.

அமெரிக்கா சொக்கத்தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுடைய ஏழாவது கப்பற்படையின் அதிகாரிகளுக்கு லெனார்ட் கிளென் பிரான்சிஸ் என்ற துறைமுக ஒப்பந்தக்காரர் வருஷக்கணக்கில் விருந்தும் ஹோட்டலும் கொடுத்து ஒப்பந்தங்களை வளைத்துப் போட்டார். 2013 இல் பிடிபட்டார், 2015 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2024 இல் 15 வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது. விதி இருந்தும் நடந்ததே என்று கேட்கலாம். எது வரம்பு என்று எழுதி வைத்திருந்ததால்தான் வரம்பைத் தாண்டியவர்களைக் கூண்டில் ஏற்ற முடிந்தது. எழுதியே வைக்காத இடத்தில் யார் எதைத் தாண்டினார் என்று எப்படிச் சொல்வது?

வெளிநாட்டவர் வருவதை நாங்கள் வெறுக்கிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017 மே 12 ஆம் திகதி இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்தபோது மலையே திரண்டது. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை அன்று திறந்துவைத்தார். அதில் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். 10,000 வீடு என்று அன்று மேடையில் அறிவித்ததற்கு அடிக்கல் விழ 2024 பெப்ரவரி ஆனது என்பது வேறு கதை, அதை இன்னொரு நாள் பேசலாம். டித்வா புயலில் மலை சரிந்தபோது கொத்மலைப் பக்கம் ஆட்களைத் தூக்கிச் சென்ற ஹெலிகொப்டர்களையும் மறக்கவில்லை. அன்றைக்கு யாராவது எங்கள் கிரவுண்டைக் கேட்டிருந்தால் பிள்ளைகளே முன்னால் நின்று இடம் ஒதுக்கிக் கொடுத்திருப்பார்கள்.

வருகையின் நன்மை பெரிது என்பதால் அதன் கணக்கைக் கேட்கக் கூடாது என்று ஆகாது. பண்டாரவளைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். உமா ஓயா நீர்மின் திட்டத்தின் சுரங்கத்தில் 2014 டிசம்பரில் நீர்க்கசிவு தொடங்கி, கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்து, நட்டஈடு கேட்டு 2017 இல் மக்கள் ரோட்டில் இறங்கினார்கள். அதே திட்டத்தை 2024 ஏப்ரல் 24 ஆம் திகதி ஈரான் ஜனாதிபதி வந்து திறந்துவைத்தார். 120 மெகாவொட் மின்சாரம், நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் வெடித்த சுவரோடு காத்திருந்த ஒருவர், அந்த ஒரு நாள் ஏற்பாட்டுக்கு எவ்வளவு போனது, எந்தத் தலைப்பிலிருந்து போனது என்று கேட்டால், எடுத்துக் காட்ட ஒரு தாள் இருக்க வேண்டும் அல்லவா? 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று கைவிரித்த நாடு இது. மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மக்களுக்கு இதைக் கேட்கும் உரிமை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

இன்னொன்று. பேராதனைப் பூங்காவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், பிரமுகர்கள் நட்ட மரங்கள் அங்கே தனியாக நிற்கின்றன. 1901 இல் பிரித்தானிய இளவரசரும் துணைவியும் நட்ட நாகலிங்க மரம், 1961 இல் யூரி ககாரின் நட்ட மரம். யார், எப்போது நட்டார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பலகை வைத்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன் வந்த விருந்தினரைப் பற்றி இவ்வளவு தெரிகிறது. எங்கள் ஊருக்கு வந்தவருக்காக நடந்த செலவைப் பற்றி ஒரு கடுதாசி கிடைக்கவில்லை.

செலவு சின்னது, இதற்கெல்லாம் ஒரு விதியா என்று உங்களில் யாருக்காவது தோன்றலாம். சின்னது என்றால் வெளியே சொல்வது இன்னும் சுலபம். படையினருக்கு இது அவமானம் என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு வெயிலில் நின்று மெட்டல் கொட்டிய பொடியன்மார்கள் சொன்ன வேலையைச் செய்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் கூடாரத்துக்குள் இடம் இல்லை. எழுத்தில் ஒரு விதி இருந்தால், மேலிடத்திலிருந்து வாய்வார்த்தையாக வரும் உத்தரவுக்கு முகாமின் கணக்கு அதிகாரி அந்தத் தாளைக் காட்டி, இது முடியாது சேர் என்று சொல்லலாம். இப்போது அவருக்கும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஆகவே குழுவிடம் நாங்கள் கேட்பது இவை.

முதலில், பாதுகாப்பு அமைச்சையும் முப்படைகளின் கணக்கு அதிகாரிகளையும் அழைத்து, வெளிநாட்டு விருந்தினரின் வருகைக்குப் படை நிதியைச் செலவிட இப்போது எந்தச் சுற்றறிக்கை, எந்த நிதிப்பிரமாணத்தின் கீழ் அனுமதி கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். இருந்தால் மூன்று மொழியிலும் வெளியிடச் சொல்லுங்கள். இல்லையென்றால், அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். யார் அனுமதி கொடுக்கலாம், யாரை விருந்தினர் என்று கொள்வது, தலைக்கு எவ்வளவு, நம்மவர்கள் எத்தனை பேர் உட்காரலாம், பரிசுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 222, 223, 224 ஆகிய தலைப்புகளின் கீழ் இதற்கென்று தனி வரி ஒன்று வர வேண்டும். பாதுகாப்புச் செலவை அதோடு கலக்கக் கூடாது.

ஒவ்வொரு வருகையும் முடிந்து 60 நாளுக்குள் உபசாரச் செலவை, பாதுகாப்பு விவரம் நீக்கி, வெளியிட வேண்டும். கணக்காய்வாளர் நாயகம் வருடத்துக்கு ஒரு முறை அதைத் தனியாகப் பார்த்து உங்களுக்கு அறிக்கை தரட்டும்.

பாடசாலை, கோயில் காணி, தோட்டத்துப் பொது இடம் எதையும் எழுத்து மூலம் கேட்காமல் எடுக்கக் கூடாது. எடுத்தால் முன்பு இருந்தபடி திருப்பித் தரும் செலவு, வருகையின் மதிப்பீட்டிலேயே முதல் நாளிலிருந்து சேர்ந்திருக்க வேண்டும். வேலைக்கு இறக்கும் தோட்டத் தொழிலாளிக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதும் அதே தாளில் வர வேண்டும். முழுப் பேர், அன்றைய வர்த்தமானிச் சம்பளம், அதற்குக் குறைந்து ஒரு சதமும் இல்லை.

எங்கள் பாடசாலை விஷயத்தில் உடனே இரண்டு வேலை நடக்க வேண்டும். பழைய கொங்கிரீட்டை உடைத்து அள்ளி, கானைத் திறந்துவிடாமல் புதுக் கோட்டுக்குள் ஒரு வாகனமும் ஏறக் கூடாது. போன தடவை அரைப் பேரோடு விட்டவர்களின் பெயர்ப்பட்டியல் அபிவிருத்திச் சங்கத்திடம் இருக்கிறது, மிச்சத்தைத் தீர்த்து வையுங்கள். பாடசாலையின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் உங்களுக்கே புரியும். இந்த மடலின் பிரதியைப் பாடசாலை விவரத்தோடும் பட்டியலோடும் பதிவுத் தபாலில் உங்கள் குழுவின் செயலாளருக்கு அனுப்பியிருக்கிறோம்.

பதிலைத் தமிழில் அனுப்புங்கள். தகவல் மறுப்புக் கடிதம் சிங்களத்தில் மட்டும்தான் வந்தது, அதை வாசித்துச் சொல்ல டவுனில் ஆள் தேட வேண்டியிருந்தது. தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை எங்களுக்குத் தருகிறது.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஒன்றின் அபிவிருத்திச் சங்கத்திலிருந்து ஒரு தகப்பன்
மலையகம்